ஆணிக்கு வராத பூட்டு

ஜன்னல் சீட்டு உங்களுடையதுதான். இல்லையென்று சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினீர்கள், நான் உட்கார்ந்துவிட்டேன். இனி எழுந்திருக்க மாட்டேன். முழங்கால் ஒரு தடவை மடங்கினால் நிமிர்வதற்கு நாள் பார்க்கும். இந்தப் பக்கம் உட்காருங்கள். தஞ்சாவூர்தானே? ஒன்றரை மணி நேரம். காற்று வராவிட்டால் செத்துவிட மாட்டீர்கள்.

பையைக் காலடியில் வையுங்கள், இடிக்கிறது. மருந்துக் கம்பெனியா? கழுத்துப் பட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. காதில் என்ன, பாட்டா? கேளுங்கள், கேளுங்கள். நான் பேசுவது பேசத்தான் போகிறேன்.

எடுத்துவிட்டீர்களே. நல்லது.

மடியில் என்ன நோட்டு என்று நாலு தரம் பார்த்துவிட்டீர்கள். ஒரு திருடனைப் பற்றி எழுதிய நோட்டு. நாலு மணிக்குத் தஞ்சாவூரில் ஒரு காபிக்கடை திறக்கிறார்கள். என் மச்சினன் கடை. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரிப்பார். கலர் பேப்பர் தொங்கும். நூறு பேராவது இருப்பார்கள். அந்த நூறு பேர் நடுவில் நின்று, "எடுத்ததைக் கொடுடா" என்று கேட்கப் போகிறேன். கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அங்கே உட்கார்ந்திருக்கும் என் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கொடுக்காவிட்டால் இந்த நோட்டைப் படிப்பேன். சத்தமாக.

என்ன எடுத்தான் என்று கேட்க மாட்டீர்களா? நானே சொல்கிறேன். பூட்டு.

சிரிக்காதீர்கள். கதவுப் பூட்டு இல்லை.

நான் சவரிராயன். ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் ஃபிட்டர். ஆலைப் பெயர் உங்களுக்கு எதற்கு? முப்பத்தெட்டு வருஷம். ஆலையில் என் டிக்கெட் நம்பர், அதாவது ஆள் நம்பர், இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு. பாய்லருக்கு மேலே ஒரு வால்வு இருக்கும். உள்ளே நீராவி அளவுக்கு மேல் ஏறினால் அது தானாகத் திறந்து வெளியே ஊதிவிடும். உங்கள் வீட்டுக் குக்கரில் விசில் இருக்கிறதே, அந்த மாதிரி. அது திறக்காவிட்டால் பாய்லர் வெடிக்கும். புரிகிறதா? இப்போது பாய்லர் வலுவாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது? நெருப்பில்லாமல், பச்சைத் தண்ணீரை ரொப்பி, கைப்பம்பால் அடித்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். அப்போது வால்வு திறந்துகொண்டால் சோதனை கெட்டது. அதனால் வால்வின் தலைமேல் ஒரு கவ்வியைக் கவிழ்த்து, நடுத் திருகை இறுக்கி, அதன் வாயைக் கட்டிவிடுவோம். அந்தக் கவ்விக்குத்தான் பூட்டு என்று பெயர். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். என்னுடையது நானே கடைசல் மெஷினில் போட்டுக் கடைந்தது. பக்கத்தில் 2216 என்று குத்தியிருக்கும்.

சோதனை முடிந்ததும் முதல் வேலை பூட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவது. தண்ணீரை வடிப்பது, கை துடைப்பது எல்லாம் அப்புறம். பூட்டு ஆணிக்கு வந்தால்தான் நெருப்பு. ஆலையில் பாய்லர் வீட்டுக்குள் நுழைகிறவன் எவனும் முதலில் அந்த ஆணியைத்தான் பார்ப்பான். கடிகாரத்தை அல்ல.

பாக்கியநாதன் என்று ஒருத்தன் இருந்தான். என் கீழ் வேலை பார்த்தவன். ஒரு நாள் பூட்டைக் கழற்றாமல் சாப்பிடப் போய்விட்டான். நெருப்புப் போடப் பத்து நிமிஷம் இருந்தது. ஆணி காலியாக இருப்பதை நான் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பது ஒரு பேச்சா? அன்றே எழுதிக் கொடுத்தேன். ஒரே வரி. "இவர் இனி பாய்லரில் கை வைக்கக் கூடாது." வீட்டுக்கு வந்து அழுதான். அவன் பெண்டாட்டி என் பெண்டாட்டி ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஒரு தடவை மறந்துட்டாருக்கா, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கோம்" என்றாள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். போனார்கள். ஸ்டோரில் சீட்டு எழுதிக்கொண்டே ரிட்டையர் ஆனான். ரெஜினா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குப் பாய்லரைப் பற்றி என்ன தெரியும்?

மறந்தவன் மறந்தவன்தான். அதில் ஒரு தடவை, இரண்டு தடவை எல்லாம் கிடையாது.

துவாக்குடி வந்துவிட்டதா? ஏறுகிறவன் ஒவ்வொருத்தனும் என் காலை மிதிக்கிறான். தம்பி, கால் இருக்கிறது இங்கே. கண் இல்லையா?

காபி மெஷினுக்கு வருகிறேன். ரிட்டையர் ஆனவன் பேப்பர் படித்துக்கொண்டு கிடப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு ஹோட்டல்காரன் வந்தான். பழைய எஸ்பிரஸ்ஸோ மெஷின். இத்தாலிக்காரன் செய்தது. கைப்பிடியை இழுத்து இறக்குகிற வகை. நாலு மெக்கானிக்கிடம் கொடுத்து நாலு பேரும் கெடுத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். உள்ளே என்ன? பாய்லர். ஆலையில் வீட்டளவு, இதில் குடத்தளவு. நீராவிக்குச் சின்னது பெரியது தெரியாது. சரி செய்து கொடுத்தேன். பதினோரு வருஷம் ஆகிறது. முப்பதுக்கு மேல் மெஷின். பெங்களூரிலிருந்து வருகிறார்கள். பாலக்கரையில் என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. என் பூட்டு சின்ன வால்வையும் கவ்வும், அதற்கு அங்கேயும் ஒரு ஆணி. எவனும் போன் பண்ணிவிட்டுத்தான் வர வேண்டும். வந்தால் எதையும் தொடக் கூடாது.

என் மச்சினன் இன்னாசியும் எஸ்பிரஸ்ஸோதான். அவன் எஸ்பிரஸ்ஸோ வேறு. கல்யாண வீட்டில் வாசல் பக்கம் பளபளவென்று ஒரு மெஷினை நிறுத்தி, உஸ் உஸ் என்று பாலை நுரைக்க வைத்து, மேலே சாக்லேட் பொடி தூவிக் கொடுப்பானே, அவன்தான். முப்பது வருஷமாக அதே வேலை. ரெஜினாவுக்கு ஒரே தம்பி. பால் காய்ச்சுகிறவன். அவனும் தன்னை எஸ்பிரஸ்ஸோக்காரன் என்று சொல்லிக்கொள்வான், நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எப்போதும் இல்லை. பெரும்பாலும்.

அவன் மலையில் ஒரு கிளப்புக்குக் கல்யாண ஆர்டருக்குப் போனான். அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு செம்புத் தூண். அதில் குடைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இவன் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறான். தூண் இல்லை. மெஷின். நின்ற வாக்கில், மார்பு உயரம், மேலே தொப்பி மாதிரி செம்பு மூடி, அதன் உச்சியில் ஒரு கழுகுப் பொம்மை. கழுகுக்கு ஒரு சிறகு இல்லை. எண்பது தொண்ணூறு வருஷம் இருக்கும். எப்படியோ பேசி வாங்கி, டெம்போவில் ஏற்றி நேரே என் கொட்டகைக்குக் கொண்டுவந்தான்.

"அத்தான், இது உசுரோட எழுந்திரிச்சா நான் கல்யாண ஆர்டரை விட்டுட்டு ஒரு கடை வைப்பேன். இதை நடுவுல நிறுத்துவேன்" என்றான்.

"இறக்கி வச்சுட்டுப் போ" என்றேன்.

அஞ்சு மாதம். உள்ளே கல் நகத்தளவு தடிமன் பிடித்திருந்தது. எலுமிச்சை உப்புக் கரைசலில் மூன்று தடவை ஊறப்போட்டேன். அடியில் இரண்டு வெடிப்பு. வெள்ளி வைத்துப் பற்றவைத்தேன். உள்ளே முழுக்க ஈயம் பூசினேன். குழாய்கள், தண்ணீர் காட்டும் கண்ணாடி, வாஷர்கள், எல்லாம் புதிது. வால்வுக்கு ஸ்பிரிங் கிடைக்கவில்லை. நானே சுற்றினேன். ஒன்பது ஸ்பிரிங் சுற்றி எட்டைத் தூக்கிப் போட்டேன்.

இவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்ததும் வந்துவிடுவான். டிபன் கேரியரோடு. "அக்கா, அத்தானுக்கு ஈரல் வறுவல்" என்பான். கொட்டகைக்குள் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றி வருவான். ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்த நேரம் தொப்பியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தான். பளபளவென்று. பாத்திரம் தேய்க்கிற புத்தி. ஒரு வாரம் பேசவில்லை நான். அவன் அடுத்த ஞாயிறும் கேரியரோடு வந்தான். ரோஷம் கிடையாது அவனுக்கு.

நீங்கள் என்ன காபி குடிப்பீர்கள்? பாக்கெட் தூளா? அப்படியென்றால் விடுங்கள்.

சோதனைக்கு நாள் வைத்தேன். வால்வில் பூட்டைப் போட்டேன். தண்ணீர் ரொப்பினேன். பம்ப் அடித்தேன். அழுத்தம் காட்டும் முள் மூன்று கிலோவில் நின்றது. அரை மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். ஒரு சொட்டு எங்கேயும் கசியக் கூடாது. அந்த நேரத்தில் பேசக் கூடாது. ஆலையில் யாரும் பேச மாட்டான். இன்னாசி பேசினான்.

"எதுக்கு அத்தான் இவ்வளவு? எங்க கல்யாண மெஷினுக்கெல்லாம் இந்த டெஸ்ட்டே கிடையாது. முப்பது வருஷமா ஓடுது. ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லையாம். என் கொட்டகையில் நின்றுகொண்டு. முள் மூன்றில் நிற்கும்போது.

"என்னடா சொன்னே?" என்றேன்.

"சும்மா சொன்னேன் அத்தான்."

"இது பால் காய்ச்சுற சட்டியாடா? அப்ப எதுக்குடா எங்கிட்ட கொண்டுவந்தே? தெருவுல ஈயம் பூசுறவன்கிட்ட கொடுத்திருக்கலாமே?"

"தப்புதான். விடுங்க."

"விட மாட்டேன். எடுத்துட்டுப் போ. இப்பவே. டெம்போவைக் கூப்பிடு."

"டெஸ்ட் முடியட்டும்..."

"முடிஞ்சது. பாஸ். எடுடா."

முடிந்ததுதான். அரை மணி ஆகிவிட்டது, ஒரு சொட்டுக் கசியவில்லை. என் வேலையில் குறை இருக்காது. தண்ணீரை வடித்தேன். தொப்பியை நானே எடுத்துக் கவிழ்த்தேன். அது அன்றைக்கென்று பார்த்து முரண்டு பிடித்தது, உட்காரவில்லை. இவன் வந்து "நான் பிடிக்கிறேன் அத்தான்" என்றான். "தொடாதே" என்றேன். ஒரு அமுக்கு அமுக்கி மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினேன். உட்கார்ந்தது. நாலு போல்ட்டும் நானே முறுக்கினேன். டெம்போவில் ஏற்றியாயிற்று. ரெஜினா வாசலில் நின்று, "சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள். "அவன் போகட்டும்" என்றேன். போனான்.

மறுநாள் காலையில் கொட்டகையைத் திறக்கிறேன், ஆணி காலி.

பூட்டு இல்லை. பெஞ்சுக்கு அடியில், கடைசலுக்குப் பின்னால், குப்பைக்கூடையில் கூடப் பார்த்தேன். முதல் நாள் கொட்டகைக்குள் வந்தவன் யார்? நானும் அவனும். நான் எடுக்கவில்லை. பிறகு யார்? கோபம். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன் இல்லையா, அந்தக் கோபத்தில், எனக்கு எது வலிக்கும் என்று தெரிந்து எடுத்திருக்கிறான். இதோ பாருங்கள், அன்றே எழுதியது. மெஷினுக்கு ஒரு பக்கம் என்று இந்த நோட்டில் எழுதி வருகிறேன். கடைசி வரி படியுங்கள். "பூட்டு களவு போனது. எடுத்தவன் இன்னாசி."

உடனே போய்ச் சண்டை போடவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். அவன் மகளுக்குப் புதுநன்மை வந்தது, முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். கோவிலில் பூசை முடிந்து ஹாலில் விருந்து. நூற்றைம்பது பேர். அவன் மாமனார் வீட்டார், பங்குச் சாமியார், எல்லோரும். இவன் கையில் கரண்டியோடு என் இலைக்கு வந்தான். "அத்தான், கறி வைக்கவா?" என்றான்.

"கறி இருக்கட்டும். எங்கொட்டகையில எடுத்ததை எப்ப வைப்பே?" என்றேன்.

பந்தி முழுக்கக் காது. கரண்டி நின்றது.

"எதை அத்தான்?"

"என் பூட்டை. நம்பர் போட்டது. திருட்டுப் பயலே, எடுத்தியா இல்லையா, சாமியார் முன்னாடி சொல்லு."

என்னைப் பார்த்தான். ரெஜினாவைப் பார்த்தான். பிறகு சொன்னான். அவன் வாயால் சொன்னான், கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆமா அத்தான். நான்தான் எடுத்தேன்."

"திருப்பிக் கொடு."

"இப்ப தரமாட்டேன். கடை திறக்குற அன்னைக்கு வாங்க. முதல் காபி உங்களுக்குத்தான். குடிச்சுட்டுக் கேளுங்க."

பார்த்தீர்களா? திருடியதை ஒத்துக்கொள்கிறான், நிபந்தனையும் போடுகிறான். அந்தப் பெண் குழந்தை வெள்ளை உடுப்பில் நின்று அழுதது. இலையை மடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ரெஜினா பெட்டியைக் கட்டினாள்.

"எங்கே?" என்றேன்.

"தம்பி வீட்டுக்கு. நீங்க அவனைத் திருடன் திருடன்னு சொல்றதை என்னால இங்க உக்காந்து கேக்க முடியல."

"அவனே ஒத்துக்கிட்டான்."

"ஒத்துக்கிட்டான்" என்றாள். அவ்வளவுதான். "பெட்டியைத் தூக்கி ஆட்டோவுல வைங்க" என்றாள். வைத்தேன். தம்பிப் பாசம். நாற்பத்தாறு வருஷம் என் வீட்டில் சாப்பிட்டாள்.

அஞ்சு மாதம் ஆகிறது. கொட்டகையில் மூன்று மெஷின் காத்திருக்கிறது. பூட்டில்லாமல் சோதிக்க முடியாது. வேறு பூட்டு செய்ய எனக்கு அரை நாள் போதும். செய்ய மாட்டேன். என் நம்பர் போட்டது ஒன்று உலகத்தில் இருக்கும்போது இன்னொன்று செய்தால், அவன் எடுத்தது சரியென்று ஆகிவிடும். போன வாரம் கடை திறப்புப் பத்திரிகை வந்தது. தபாலில். "அருட்தந்தை கையால் முதல் அடுப்பு பற்றவைக்கப்படும்" என்று அச்சடித்திருக்கிறான். பின்பக்கம் ரெஜினா கையெழுத்தில், "வாருங்கள்" என்று ஒரு சொல். வருகிறேன். இந்த நோட்டோடு வருகிறேன்.

என்ன கேட்டீர்கள்?

சத்தமாகக் கேளுங்கள். பஸ் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை.

தொப்பி ஏன் உட்காரவில்லை என்றா? கேள்வியைப் பார். அது எப்போதாவது அப்படித்தான். வாஷர் தடிமனாக இருந்திருக்கும்.

இல்லை. தொப்பிக்கு வாஷர் கிடையாது.

அஞ்சு மாதத்தில் அந்தத் தொப்பியை நூறு தடவை எடுத்து வைத்திருக்கிறேன். கையை விட்டால் தானாக உட்காரும். உள்ளே வால்வுக்கும் தொப்பிக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கிறது. வேறு எதுவும் தட்டாது. வேறு எதுவும் இல்லை அங்கே.

இரண்டு விரல்.

பூட்டு உயரம் இரண்டு விரலுக்குக் கொஞ்சம் அதிகம்.

மணி என்ன? உங்கள் கையில் வாட்ச் இருக்கிறதே, சொல்லுங்கள். மூன்று இருபதா? எந்த ஊர் இது? செங்கிப்பட்டி தாண்டிவிட்டதா?

கண்டக்டர்! ஏய் கண்டக்டர்!

"என்ன பெரியவரே, ஸ்டாப்பிங் இல்லாத இடத்துல கத்துறீங்க? வாந்தி வருதா?"

"வேகமா போகச் சொல்லு."

"ஆம்புலன்ஸ்ல ஏற வேண்டிய ஆளு நம்ம வண்டியில ஏறிட்டாருப்பா. உக்காருங்க, விழுந்து வைக்காதீங்க."

உங்கள் போனைக் கொடுங்கள். என்னிடம் கிடையாது, நான் வைத்துக்கொள்வதில்லை. கொடுங்கள் என்றால் கொடுங்கள். நாலு மணிக்கு அந்த மெஷினுக்கு அடியில் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறார்கள். வால்வின் வாய் கட்டியிருக்கிறது. சுற்றிலும் நூறு பேர். முன் வரிசையில் குழந்தைகளை நிறுத்துவார்கள். ரெஜினாவும் அங்கேதான் நிற்பாள். எண்ணை நான் சொல்கிறேன், நீங்கள் அழுத்துங்கள். எனக்குத் தெரியும் அவள் எண். வீட்டு போனிலிருந்து தினமும் அழுத்துவேன், மணி அடிக்கும் முன்னால் வைத்துவிடுவேன். ஒன்பது, நாலு, நாலு... ஆமாம். அழுத்துங்கள். எதையோ அழுத்தி ஊரெல்லாம் கேட்க வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. பேசாதீர்கள்.

"ஹலோ, யாரு?"

"ரெஜினா. நான்தான்."

"எங்க இருக்கீங்க? யார் போனு இது? ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. அடுப்பைப் பத்த வைக்கக் கூடாது. இன்னாசிகிட்ட சொல்லு. எல்லாரையும் வெளிய போகச் சொல்லு."

"எதுக்கு?"

"சொன்னதைச் செய்."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"பூட்டு வால்வு மேலயே இருக்கு. தொப்பிக்கு உள்ள. கழட்டாம அனுப்பிட்டேன்."

"யாரு?"

"நான்தான். நான் மறந்துட்டேன். ரெஜினா, கேக்குதா? அடுப்பு..."

"கேக்குது. ஃபாதர் வர்றதுக்கு முன்னாடி ஒத்திகைன்னு அடுப்பு காலையில இருந்து எரியுது. வேலையாளுங்க இருபது பேருக்குக் காபி போட்டுப் பார்த்தாச்சு. பயப்படாதீங்க. வால்வு நல்லா ஊதுது."

"ஊதுதா?"

"ஊதுது. மெஷினைக் கொண்டுவந்த அன்னைக்கே பத்த வச்சுப் பார்க்காம இருப்பானா அவன்? முள்ளு ரெண்டைத் தாண்டிப் போயிருக்கு, வால்வு திறக்கல. இவன் அடுப்பை அணைச்சுட்டு, ஆற விட்டுத் தொப்பியைத் திறந்து பார்த்திருக்கான்."

"பூட்டு எங்க?"

"எம்பெட்டியில இருக்கு."

"எந்தப் பெட்டி?"

"நீங்க தூக்கி ஆட்டோவுல வச்ச பெட்டி. விருந்து முடிஞ்ச மறுநாளு எங்கையில கொடுத்தான். அக்கா, இது அத்தான் கண்ணுல பட வேண்டாம்னான்."

"ஏன் சொல்லல? ரெண்டு பேரும் ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பாக்கியநாதன் வீட்டுக்காரி எங்கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப நீங்க கதவைத் திறந்து பிடிச்சீங்களே. நான் அங்கதானே நின்னேன். உங்களுக்கு நீங்க என்ன எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? தம்பிதான் சொன்னான், திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்க்கா, அதோட போயிரும்னு."

"அந்தப் பூட்டைக் கொடு."

"தரமாட்டேன். நீங்க திருட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தப்பவே தரல, இப்பவா தருவேன்? அது இனிமே ஆணிக்கு வராது. மெஷின் பாருங்க, கழட்டுங்க, மாட்டுங்க, ஈயம் பூசுங்க. பம்ப் அடிச்சு டெஸ்ட் பண்றது வேற ஆளு பண்ணட்டும். ஃபாதர் வந்துட்டாரு, என்னைக் கூப்பிடுறாங்க. நீங்க வர்றீங்களா, திரும்பிப் போறீங்களா?"

போனைப் பிடியுங்கள். வைத்துவிட்டாள்.

என்ன பார்க்கிறீர்கள்? பின் சீட்டில் அவன் என்ன பார்க்கிறான்? கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லையா?

அவன் திருடனாகவே இருந்திருக்கலாம். திருடனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அவனைத் திருடனாக வைத்துக்கொண்டு இத்தனை மாதம் சோறு தின்றேன், தூங்கினேன், நன்றாகத்தான் இருந்தேன். இப்போது அவனை என்ன செய்வது? நூற்றைம்பது பேர் பார்க்க, சாமியார் பார்க்க, பெற்ற பெண் பார்க்க, கையில் கரண்டியோடு நின்று "நான்தான் எடுத்தேன்" என்றான். யார் கேட்டது அவனை? எனக்காக இரக்கப்படு என்று நான் கேட்டேனா? பால் காய்ச்சுகிறவன். முள் இரண்டைத் தாண்டியதும் அடுப்பை அணைக்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியை நான்தான் தூக்கினேன். வலது கையால்.

பேனா இருக்கிறதா? மருந்துக் கம்பெனிக்காரன் பேனா இல்லாமலா போவான்? கொடுங்கள்.

இந்த வரியை அடிக்கிறேன். "எடுத்தவன் இன்னாசி." அடித்தாயிற்று. நோட்டைக் கொஞ்சம் பிடியுங்கள், ஆடுகிறது. கீழே இடம் இருக்கிறதா? இருக்கிறது. சவரிராயன். டிக்கெட் நம்பர் 2216. இவர் இனி பாய்லரில் கை வைக்கக் கூடாது.

எழுத்துக் கோணலாக இருக்கிறது. பஸ் குலுங்குகிறது, அதனால்தான். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் எழுதிக் கொடுத்ததைப் பாக்கியநாதன் வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். இவ்வளவு சின்ன வரி என்று அன்றைக்குத் தெரியவில்லை.

பேனாவை வைத்துக்கொள்ளுங்கள். மூடி எங்கே? மூடி இல்லாமல் ஒரு பேனாவா?

வல்லம் வந்துவிட்டது. இன்னும் கால் மணி. திரும்பிப் போவேன் என்று நினைத்தீர்களா? டிக்கெட் தஞ்சாவூருக்கு எடுத்திருக்கிறேன். காலை ஒதுக்குங்கள், இப்போதே எழுந்தால்தான் புதுப் பேருந்து நிலையத்தில் நிமிர முடியும். தோளைப் பிடிக்க வேண்டாம். பிடிக்காதீர்கள் என்றேனே. சரி, பிடித்ததுதான் பிடித்தீர்கள், கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள்.

முதல் காபி எனக்காம். சர்க்கரை இரண்டு கரண்டி போடுவான். நுரை மேல் அந்தச் சாக்லேட் பொடியைத் தூவுவான், வேண்டாம் என்றாலும் தூவுவான். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் நின்று சொல்லப் போகிறேன், நன்றாக இல்லை என்று. அது ஒன்றையாவது அவன் எனக்கு விட்டுவைக்கட்டும்.